திரும்பி வரும் வழி

என் தங்கை மகன் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறான். தீபாவளிக்கு வந்திருந்தான். வீட்டில் மற்றவர்கள் பலகாரத்தையும் பட்டாசையும் கவனித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் கூடத்து மூலையில் மடிமீது பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு, கடன்காரனைப் பார்ப்பது போல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, பண்டிகை நாளிலுமா வேலை?" என்று கேட்டேன்.

"ஒரு தப்பு மாமா. மூன்று நாளாகத் தேடுகிறேன், அகப்படமாட்டேன் என்கிறது. நான் எழுதியது மொத்தம் பத்து வரிதான். பாக்கியெல்லாம் லைப்ரரியிலிருந்து எடுத்தது. தப்பு லைப்ரரியில்தான் இருக்கவேண்டும்."

எனக்கு லைப்ரரி என்றால் கன்னிமராதான் ஞாபகம் வரும். அங்கே போய் இவன் எதை எடுத்தான் என்று திகைத்தேன். அவன் சிரித்துவிட்டு விளக்கினான். வேறு யாரோ எழுதி, சரிபார்த்து, எல்லோரும் உபயோகிக்கட்டும் என்று சேர்த்து வைத்திருக்கும் புரோகிராம் துண்டுகளுக்கு அப்படிப் பெயராம். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு, "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றான். பையன் மேல் குற்றமில்லை. தினம் புழங்குகிற சொல்லின் பூர்வோத்தரத்தை நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

நான் விசாரித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அது வெறும் உவமைப் பெயர் அல்ல. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணித ஆராய்ச்சிக்கூடத்தில், உண்மையாகவே ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதன் இழுப்பறைகளில் துளையிட்ட காகித நாடாச் சுருள்கள் பெயரும் எண்ணும் இட்டு வைக்கப்பட்டிருந்தன. வேண்டியவர்கள் வந்து, வேண்டிய சுருளை எடுத்து, இயந்திரத்தில் பிரதி செய்துகொண்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகவேண்டும். அதுதான் லைப்ரரி.

அந்த அலமாரி வந்த கதையைச் சொல்ல, 1946-ஆம் வருஷம் மே மாதத்துக்குப் போகவேண்டும். மாரிஸ் வில்க்ஸ் என்பவர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர். காம்ரி என்ற கணித நிபுணர் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது, அங்கே கட்ட உத்தேசித்திருந்த ஒரு கணக்கு இயந்திரத்தைப் பற்றி வான் நாய்மன் எழுதிய அறிக்கையைக் கொண்டுவந்தார். வில்க்ஸுக்கு அதை ஒரே ஓர் இரவுக்குத்தான் இரவல் கொடுத்தார். பிரதி எடுக்கும் யந்திரம் இல்லாத காலம். வில்க்ஸ் இரவெல்லாம் விழித்திருந்து படித்தார். விடிவதற்குள் அவருக்குத் தாம் செய்யவேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது. அந்தக் கோடையில் பிலடெல்பியாவுக்குப் போய் அங்கே நடந்த சொற்பொழிவுகளில் பாக்கியிருந்தவற்றைக் கேட்டுவிட்டு, 'குவீன் மேரி' கப்பலில் திரும்பும்போதே தம்முடைய இயந்திரத்துக்குப் படம் போடத் தொடங்கினார். அதற்கு எட்சாக் என்று பெயர்.

இங்கே ஒரு சுவாரசியமான சமாசாரம். அந்த முயற்சிக்கு 3,000 பவுன் கொடுத்து உதவியது எந்தக் கம்பெனி தெரியுமா? டீக்கடைகளும் கேக்கும் ரொட்டியும் நடத்தி வந்த லயன்ஸ் கம்பெனி! அவர்கள் பணத்தோடு நிற்கவில்லை. எட்சாக்கைப் பார்த்துத் தாங்களும் ஒன்று கட்டி, 1951-ல் ரொட்டிக் கிடங்கின் கணக்கை அதில் போட்டார்கள். உலகத்திலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டரிடம் வியாபாரக் கணக்கை ஒப்படைத்தவர்கள் டீக்கடைக்காரர்கள் என்பதில், காபி குடிக்கிற ஜாதியைச் சேர்ந்த எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

எட்சாக்கில் ஏறக்குறைய 3,000 வால்வுகள். அதன் ஞாபகசக்தி பாதரசத்தில் இருந்தது. ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள குழாய்களில் பாதரசத்தை நிரப்பி, ஒரு முனையில் சங்கேதங்களை ஒலித் துடிப்புகளாக அனுப்புவார்கள். அவை மறுமுனையை அடைந்ததும் பிடித்து, மறுபடியும் முதல் முனையில் விடுவார்கள். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும் வரையில் ஞாபகம், நின்றால் மறதி. மாமியார் வீட்டில் தின்ற பலகாரத்தின் பெயர் மறந்துவிடாமல் இருக்க, "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த நம் மாப்பிள்ளையின் ஞாபகசக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஆரம்பத்தில் 512 அறைகள்தான். இயந்திரத்துக்குக் கொடுக்கும் கட்டளைகள், அது போடும் கணக்கின் எண்கள் எல்லாம் அந்த 512-க்குள் அடங்கவேண்டும்.

1949-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி எட்சாக் முதன்முதலாக ஒரு வர்க்க அட்டவணையைப் போட்டு அச்சிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். இனிமேல் கஷ்டம் இல்லை என்று நினைத்தார்கள். கஷ்டம் அப்புறந்தான் ஆரம்பமாயிற்று.

வில்க்ஸ் சற்றுப் பெரிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். ஏரி என்ற வானநூல் அறிஞர் பெயரால் வழங்கும் சமன்பாடு அது. (நம் ஊர் ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அதற்காக அவர் எழுதிய புரோகிராம் 126 வரி. அந்த நாடா பிற்காலத்தில் அகப்பட்டது. மார்ட்டின் காம்ப்பெல்-கெல்லி என்ற சரித்திர ஆசிரியர் அதை ஆராய்ந்து 1992-ல் எழுதினார். 126 வரியில் சுமார் இருபது பிழைகள்! இத்தனைக்கும் எழுதியவர் அந்த இயந்திரத்தையே கட்டியவர். அதன் ஒவ்வொரு கம்பியும் அவருக்குத் தெரியும்.

இயந்திரம் ஓர் அறையில், நாடாவில் துளையிடும் கருவி இன்னோர் அறையில், நடுவே மாடிப்படி. நாடாவைத் திருத்துவதும், கொண்டுபோய் இயந்திரத்தில் கொடுப்பதும், மறுபடி தப்பென்று கண்டு திரும்புவதுமாக அந்தப் படியில் ஏறி இறங்கிய நாட்களில் ஒரு நாள், வில்க்ஸின் மனசில் ஒன்று தைத்தது. தம் ஆயுளில் மீதியுள்ள காலத்தில் பெரும் பகுதி, தாமே எழுதிய புரோகிராம்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பதுதான் அது. பல வருஷங்களுக்குப் பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த மனிதர்மேல் அபாரமான பிரியம் ஏற்பட்டது. என்னுடைய தொடர்கதை ஒன்றில் ஒன்பதாம் அத்தியாயத்தில் காலமான பாட்டி, பதினேழாம் அத்தியாயத்தில் காபிக்கொட்டை வறுத்தாள். ஆசிரியர் கவனிக்கவில்லை, அச்சுக்கோத்தவர் கவனிக்கவில்லை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி மட்டும், பாட்டி சௌக்கியமாக இருப்பதறிந்து சந்தோஷம் என்று கார்டு எழுதினாள். நான் எழுதும்போது தப்பு செய்கிறவன் என்பது தெரிந்த விஷயந்தான். ஆனால் நானே எத்தனை முறை படித்தாலும் என் கண்ணுக்கு அது அகப்படாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, மனிதன் எழுதினால் பிழை வரும். அதற்கு என்ன பரிகாரம்? கேம்பிரிட்ஜில் கண்ட பரிகாரம் இதுதான்: எழுதுவதைக் குறை. ஒருவன் வர்க்கமூலம் காண ஒரு துண்டு எழுதி, அதைப் பல தடவை பரீட்சித்து, பிழையெல்லாம் களைந்துவிட்டானா? பிறகு வேறு எவனும் அதை எழுதக் கூடாது, எடுத்துக்கொள்ளவேண்டும். அந்தத் துண்டுக்கு சப்ரூட்டீன் என்று பெயர். இடத்துக்கும் அது மிச்சம். ஒரு கணக்கில் வர்க்கமூலம் பத்து இடத்தில் வந்தால், துண்டைப் பத்து முறை எழுதி 512 அறைகளையும் அடைத்துவிடாமல், ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அங்கே போய் வரலாம். நம் கீர்த்தனைப் புத்தகங்களில் பல்லவியை ஒரு முறைதான் அச்சிடுவார்கள். அநுபல்லவி முடிந்ததும், சரணம் முடிந்ததும் 'பல்லவி' என்று அடைப்புக்குள் குறித்துவிட்டால் தீர்ந்தது. பாடகர் அங்கே போய் வருவார்.

ஆனால் பாடகருக்குத் தாம் அநுபல்லவியிலிருந்து வந்தோமா, சரணத்திலிருந்து வந்தோமா என்பது ஞாபகம் இருக்கும். இயந்திரத்துக்கு இராது. அதற்கு ஒரு கட்டளை முடிந்தால் அடுத்தது. 'இன்ன அறைக்குத் தாவு' என்றால் தாவும். தாவியவுடன் எங்கிருந்து தாவினோம் என்பது போய்விடும். அந்த மாப்பிள்ளையும் அப்படித்தானே? வாய்க்காலை ஒரே தாண்டாகத் தாண்டி 'அத்திரிபாச்சா' என்றான், கொழுக்கட்டை போய்விட்டது.

இந்த முடிச்சை எட்சாக்கில் அவிழ்த்தவர் டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர். அப்போது அவருக்கு 22 வயது. அவர் செய்த தந்திரத்தை எழுத்தாளர்களுக்கும், எழுத்தாளராக ஆசைப்பட்டவர்களுக்கும் சுலபமாக விளக்கிவிடலாம். பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போது, சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்பச் சொல்வார்கள் அல்லவா? அதேதான். இயந்திரம் தாவுவதற்கு முன், தான் இருக்கும் இடத்தின் விலாசத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும். சப்ரூட்டீன் வேலையைத் தொடங்குமுன், அந்த விலாசத்திலிருந்து 'இன்ன இடத்துக்குத் திரும்பிப் போ' என்ற கட்டளையைத் தயார் செய்து, தன்னுடைய கடைசி வரியில் எழுதிக்கொள்ளும். அந்தக் கடைசி வரியைப் புரோகிராம் எழுதியவன் காலியாக விட்டிருப்பான். ஒவ்வொரு தடவையும் வருகிறவனுடைய விலாசம் அதில் ஏறும். வேலை முடிந்ததும் வந்த இடத்துக்கே திரும்பிவிடும். பத்திரிகைக்கு அனுப்பிய என் ஆரம்பகாலக் கதைகளும் இப்படித்தான் ஒன்று தவறாமல் திரும்பி வந்தன.

வீலர் இன்னொரு காரியமும் செய்தார். நாடாவிலிருந்து எடுத்த துண்டை இன்றைக்கு நூறாவது அறையிலிருந்து வைப்போம். நாளைக்கு முந்நூறாவது அறையிலிருந்து. வீடு மாறினால் விலாசம் மாறவேண்டும். துண்டுக்குள் இருக்கும் அறை எண்கள் எல்லாம் அதற்குத் தக்கபடி மாறவேண்டும். இந்தக் கூட்டலை மனிதர்கள் கையால் செய்தால் மறுபடியும் பிழை. ஆகவே நாடாவைப் படிக்கும்போதே இயந்திரம் தானாகக் கூட்டிக்கொள்ளும்படி, 41 கட்டளைகளில் ஒரு சிறு ஏற்பாட்டை 1949 செப்டம்பரில் அமைத்தார். 1951-ல் வில்க்ஸும் வீலரும் ஸ்டான்லி கில் என்ற தோழரும் சேர்ந்து இந்த வித்தையை ஒரு புத்தகமாக வெளியிட்டபோது, அலமாரியில் பொது உபயோகத்துக்கு 87 துண்டுகள் இருந்தன. வேலை கொடுப்பவர்கள் தங்கள் நாடாவைத் துணி உலர்த்துவது போல் ஒரு கொடியில் தொங்கவிட்டுப் போவார்கள். இயந்திரத்தை நடத்துபவர் வரிசையாக எடுத்துப் போடுவார். புரதத்தின் வடிவத்தைக் கண்டு 1962-ல் நோபல் பரிசு பெற்ற ஜான் கெண்ட்ரூவின் கணக்குகளும் அந்தக் கூடத்தில் போட்டவைதாம்.

அதே சமயத்தில் அட்லாண்டிக்குக்கு அக்கரையில் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மாள் அதே துன்பத்தை அநுபவித்தார். 1944 முதல் ஹார்வர்டில் மார்க்-1 என்ற இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதியவர் அவர். நன்றாக வேலை செய்யும் துண்டுகளை அவரும் சகாக்களும் நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்துக்கொள்வார்கள். ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதிக்கொள்வார். படித்த கணித நிபுணர்களுக்குக் கூட்டவும் தெரியவில்லை, பார்த்து எழுதவும் தெரியவில்லை என்று அந்த அம்மாள் கண்டுகொண்டார். (1947-ல் அங்கே மார்க்-2 இயந்திரத்துக்குள் ஒரு விட்டில்பூச்சி அகப்பட்டு, அதைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்களே, அந்தக் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கோளாறைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அந்தப் பூச்சிக்கு முன்பே, எடிசன் காலத்திலேயே இருந்தது.)

ஹாப்பர் அம்மாள் பிறகு யூனிவாக் இயந்திரத்துக்கு வந்து, ஒவ்வொரு துண்டுக்கும் நூலகப் புத்தகத்துக்கு இடுவதுபோல் ஓர் அழைப்பு எண் கொடுத்தார். எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால் போதும். துண்டுகளை இயந்திரமே தேடி எடுத்து, சேர்த்து, தைத்துக் கொடுத்துவிடும். 1952-ல் இது நடைமுறைக்கு வந்தது. சேர்த்துத் தொகுப்பதால் 'கம்பைலர்' என்று பெயர். பிற்காலத்தில் அந்தச் சொல் மொழிபெயர்க்கும் ஏற்பாட்டுக்கு ஆகிவிட்டது. தமிழில் அதைத் 'தொகுப்பி' என்கிறார்கள். குறுந்தொகையையும் நற்றிணையையும் தொகுத்தவர்களின் வமிசத்தில் அது சேருவதில் எனக்குத் திருப்திதான்.

அப்புறம் பாஷைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. 1957-ல் ஜான் பேக்கஸும் அவர் கோஷ்டியும் செய்த ஃபோர்ட்ரான். மறு வருஷமே அதன் இரண்டாம் பதிப்பில் 'கூப்பிடு' என்றும் 'திரும்பு' என்றும் இரண்டு சொற்கள் சேர்ந்தன. வீலரின் தந்திரம் முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் மறைந்துவிட்டது. கோபாலில் அதற்கு ஒரு பெயர், அல்காலில் ஒரு பெயர், பின்னால் வந்த சி பாஷையில் ஒரு பெயர். எழுத்து வேறு, இலக்கணம் வேறு, காரியம் ஒன்றுதான்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஒரு துண்டு தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டால்? கடைசி வரியில் இருப்பது ஒரே ஓர் இடம். இரண்டாவது விலாசம் ஏறியதும் முதல் விலாசம் அழிந்துபோகும். இதற்கு வழியை ஆலன் டூரிங் முன்பே யோசித்து வைத்திருந்தார். 1945-ல் எழுதி முடித்த திட்டத்தில், திரும்பவேண்டிய விலாசத்தைப் 'புதைப்பது', பிறகு 'தோண்டி எடுப்பது' என்றே குறிப்பிடுகிறார். விலாசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். எடுக்கும்போது மேலே இருப்பதை முதலில் எடுக்கவேண்டும். தட்டில் அடுக்கிய தோசை மாதிரி. 1960-ல் அல்காலுக்காக டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் இந்த அடுக்கைச் செம்மையாக அமைத்துக் காட்டினார்.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால், ஒரு முறை சரியாக எழுதியது என்றைக்கும் சரி என்று தோன்றும். என் மருமகனுக்கும் அந்த நம்பிக்கைதான் போலும். கொஞ்சம் நாள் முன்பு நினைத்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

1996-ஆம் வருஷம் ஜூன் 4-ஆம் தேதி, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ என்ற இடத்திலிருந்து ஐரோப்பியர்கள் ஏரியான்-5 என்ற புது ராக்கெட்டை விட்டார்கள். சூரியனையும் பூமியையும் ஆராய நான்கு துணைக்கோள்கள் அதில் இருந்தன. சுமார் 37 விநாடிகளில் அது வழிதவறித் திரும்பி, உடைந்து, தன்னைத்தானே அழித்துக்கொண்டது. ராக்கெட்டின் திசையைக் கணிக்கும் புரோகிராமில் ஒரு துண்டு. பெரிய எண் ஒன்றைப் பதினாறு இலக்கச் சிறு பெட்டிக்குள் அடைக்க முயன்று முடியாமல், வேலையை நிறுத்திவிட்டது. துணைக்கு இன்னோர் இயந்திரம் வைத்திருந்தார்கள். அதிலும் அதே புரோகிராம்! ஒரு கணம் முன்னதாகவே அதுவும் நின்றிருந்தது.

அந்தத் துண்டைப் புதிதாக எழுதியவர்கள் யாரும் இல்லை. முந்திய ராக்கெட்டான ஏரியான்-4-ல் நன்றாக வேலை செய்தது, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெரிதாகாது என்று முன்பு கணக்குப் பார்த்து, காவல் போடாமல் விட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு சரியானதே. புது ராக்கெட் வேறு பாதையில் வேகமாகப் போயிற்று, எண் பெரிதாயிற்று. இன்னும் மனசைச் சங்கடப்படுத்துவது என்னவென்றால், புது ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பியபின் அந்தத் துண்டால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. பழைய ராக்கெட்டின் தேவைக்காக நாற்பது விநாடி ஓடவேண்டும் என்று வைத்திருந்த ஏற்பாடு, கேட்பாரின்றித் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் புரோகிராம் எழுதப்பட்ட பாஷைக்குப் பெயர் ஏடா. கவி பைரனின் மகள் ஏடா லவ்லேஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். சார்லஸ் பாபேஜ் கட்ட நினைத்து, கட்டி முடிக்காமலே போன இயந்திரத்துக்காக, 1843-ல் ஒரு கணக்கின் படிகளை அந்த அம்மாள் அட்டவணையாக அச்சில் வெளியிட்டார். முதல் புரோகிராம் என்று பலரும் கொண்டாடுவது அதைத்தான். அதில் நான்காவது படியில் ஒரு பிழை உண்டு; வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. அம்மாளின் கையா, அச்சுக்கோத்தவரின் கையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்கும் அச்சுக்கோத்தவர்களுக்கும் உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை.

தீபாவளி முடிந்து பையன் ஊருக்குக் கிளம்பிய அன்று, இதில் பாதியை ரெயிலடியில் அவனிடம் சொன்னேன். இரும்பு அலமாரியை அவனுக்குப் பிடித்திருந்தது. ராக்கெட் கதை அவனுக்கு முன்பே தெரியுமாம், கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களாம்.

இரண்டு நாள் கழித்து இரவு பத்தரை மணிக்கு டெலிபோன் வந்தது.

"மாமா, தப்பு அகப்பட்டுவிட்டது."

"லைப்ரரியிலா?"

சற்று நேரம் பதில் இல்லை.

"என் பத்து வரியில்தான், மாமா. ஏழாவது வரி."